ஆசிரியப் பயிற்சி மாணவர்க்குக் கல்வி ஆலோசனை: இருமுகப் பொறுப்பு

முன்னுரை

மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களிலும் பட்டக்கல்விக்குச் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்வி ஆலோசகர் ஒருவர் ஒதுக்கப்படுகிறார். பெரும்பாலும் அவர் அம்மாணவருக்குப் பாடம் நடத்தும் விரிவுரைஞருள் ஒருவராகவே இருப்பார். பருவத் தொடக்கத்தில் பாடப்பதிவுப் படிவத்தில் கையொப்பமிடுதல், பருவ இறுதியில் தரப்புள்ளி குறைந்தோரை அழைத்து விசாரித்தல் ஆகிய இரண்டுடன் அவருடைய பணி முடிந்துவிடுவதாக மாணவர் பலரும் கருதுகின்றனர். விரிவுரைஞருள்ளும் பலர் அவ்வாறே கருதுகின்றனர் என்பதை மறைப்பதற்கில்லை.

இலக்கியமோ வரலாறோ பயிலும் மாணவருக்கு இவ்வளவு போதுமா என்பது தனி வினா. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பிப் பயிலும் மாணவருக்கு இது போதாது என்பதே நம் துணிபு. பிற துறை மாணவர் தம் தொழிலைப் பட்டம் பெற்றபின் தேர்ந்துகொள்கிறார். ஆசிரியப் பயிற்சி மாணவரோ பதினெட்டு, பத்தொன்பது வயதில் விண்ணப்பப் படிவத்தை நிறைவு செய்த அன்றே தொழிலைத் தேர்ந்துவிட்டவராக எண்ணப்படுகிறார். அவ்வெண்ணம் எத்துணைச் சரியானது என்பதை அவரோடு அமர்ந்து ஆராய வேண்டியவர் கல்வி ஆலோசகர். அவருடைய பொறுப்பு எதிரே இருக்கும் மாணவரோடு நிற்பதுமில்லை. அம்மாணவரிடம் நாளை பயிலப்போகும் பிள்ளைகள்பாலும் அவருக்குக் கடமை உண்டு. இவ்விரு கடமைகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே முரண்படுகின்றன, முரண்படுமிடத்து ஆலோசகர் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஈண்டு ஒரு வரையறை தேவைப்படுகிறது. கல்வி ஆலோசனை வேறு, உளவளத்துணை வேறு. துயரமும் அச்சமும் முதிர்ந்து மாணவரின் உறக்கத்தையும் உடலையும் தாக்கும் நிலையில், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடம் அவரை அனுப்புவதே முறை. விரிவுரைஞர் அரைகுறை மருத்துவராகிவிடக் கூடாது. ஆயினும், எது தம்மால் தீர்க்கத்தக்கது, எது தம் எல்லைக்கு அப்பாற்பட்டது எனப் பிரித்தறியும் அளவுக்கேனும் ஆலோசகர் தம் மாணவரை அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஐந்து நிமிடம் பார்ப்பவரால் இது இயலாது.

ஆலோசகர் தேவைப்பட்டது எப்போது?

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஆசிரியராகலாம் என்னும் நிலை இருந்தது. பின்னர்ப் பகுதிநேரப் பயிற்சி வகுப்புகளும், நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பகற்பயிற்சி நிலையங்களும், அவற்றைத் தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும் அமைந்தன. சான்றிதழ்ப் பயிற்சி நிலவிய அக்காலத்தில் மாணவர் தேர்ந்துகொள்ள ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஒரு தொகுதியில் சேர்ந்தோர் அனைவரும் ஒரே அட்டவணைப்படி ஒரே பாடங்களைப் பயின்று ஒன்றாகவே வெளியேறினர். அவர்களுக்கு வேண்டிய அறிவுரையை வகுப்புக்குப் பொறுப்பான விரிவுரைஞரும் விடுதிக் காப்பாளருமே வழங்கினர். அது பெரும்பாலும் ஒழுங்கு பற்றியதாகவே இருந்தது.

பட்டக்கல்வி இந்நிலையை மாற்றியது. தஞ்சோங் மாலிமில் 1922இல் மலாய் ஆசிரியர்க்கெனத் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இல் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான பட்டக்கல்வி, இன்று ஆசிரியர் கல்விக் கழகங்கள் என அறியப்படும் நிலையங்களில் 2007 முதல் நடைபெற்று வருகிறது. இப்போது நாடு முழுவதும் 27 வளாகங்கள் உள்ளன. பட்டக்கல்வியோடு கிரெடிட் முறையும், முதன்மைப் பாடம், விருப்பப்பாடம் என்னும் பகுப்பும், ஒட்டுமொத்தச் சராசரிப் புள்ளியும் வந்தன. தேர்வுரிமை வந்த இடத்தில் ஆலோசகரும் தேவைப்பட்டார். அமெரிக்காவில் நேர்ந்ததும் இதுவே. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1869இல் தலைமைப் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட் விருப்பப்பாட முறையை விரிவாக்கினார். பாடங்கள் பெருகவே, எதைக் கொள்வது எதை விடுவது என மாணவருக்கு எடுத்துரைக்க ஆள் வேண்டியதாயிற்று.

கிரெடிட் கணக்கை ஆலோசகர் அற்பமாகக் கருதலாகாது. மலேசியத் தகுதிநிலைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 40 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, பயிலரங்கு, நூலகப் படிப்பு, இடுபணி, தேர்வுக்கான ஆயத்தம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பருவத்துக்கு 18 கிரெடிட் எடுக்கும் மாணவர் 720 மணிநேரம் உழைக்க வேண்டும். விரிவுரை நடைபெறும் வாரங்களோடு மீள்பார்வை, தேர்வு வாரங்களையும் சேர்த்துப் பருவத்தை 18 வாரங்களாகக் கொண்டால், வாரத்துக்கு 40 மணிநேரம் ஆகிறது. இஃது ஒரு முழுநேரப் பணி. விரைவில் முடிக்கும் ஆர்வத்தில் 21 கிரெடிட் எடுப்பவருக்கு இவ்வுழைப்பு ஏறத்தாழ 47 மணிநேரமாக உயர்கிறது. நம் மாணவருள் பலர் மாலையில் டியூஷன் வகுப்பு நடத்தி வீட்டுச் செலவுக்கு உதவுகின்றனர். வாரத்தில் நான்கு மாலைகள் டியூஷன் நடத்தும் மாணவரின் தரப்புள்ளி சரிவதற்குச் சோம்பல் காரணமாகாது. நாளில் உள்ள மணிநேரமே காரணம். படிவத்தில் கையொப்பமிடும் முன் இக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுதல் நன்று. கடிந்துரைப்பதைவிட இது பயன் தருகிறது.

இறுதிப் படியிலிருந்து தொடங்கும் பழக்கம்

கல்வி ஆலோசனை பற்றிய இற்றைச் சிந்தனைக்கு 1972ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் அமெரிக்கக் கல்வியாளர் இருவர், டெரி ஒபேனியன், பர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்போர், தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றன. மருத்துவர் நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுப்பதுபோல் மாணவருக்குப் பாடம் எழுதிக் கொடுக்கும் போக்கைக் குரூக்ஸ்டன் மறுத்தார். ஆலோசனையும் ஒருவகைக் கற்பித்தலே என்பது அவர் வாதம். ஒபேனியன் ஆலோசனையை ஐந்து படிகளாகக் கண்டார். வாழ்க்கை நோக்கத்தை ஆராய்தல் முதற்படி. தொழில் நோக்கத்தை ஆராய்தல், கல்வித்திட்டத்தைத் தேர்தல், பாடங்களைத் தேர்தல் ஆகியன அதனைத் தொடர்வன. கால அட்டவணை அமைத்தல் இறுதிப்படி.

நம் நடைமுறை பெரும்பாலும் ஐந்தாம் படியில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ஆசிரியப் பயிற்சி மாணவரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நியாயமும் கூறப்படுகிறது. ஆசிரியராவதென்று முடிவு செய்தபின்னரே அவர் வந்திருக்கிறார், கல்வித்திட்டமும் வகுக்கப்பட்டுவிட்டது, ஆகவே முதல் மூன்று படிகளும் கடந்தவையே என்பர். இந்நியாயம் ஆய்வுக்கு நிற்பதில்லை. நம்மிடம் வந்து சேரும் மாணவரைச் சற்றுப் பேசவிட்டால் அவர் வந்த வழி தெரியும். சிலர் சிறு வயது முதல் ஆசிரியராகும் விருப்பத்தோடு வந்தவர். சிலர் வேறு படிப்புக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமையால் வந்தவர். வேறு சிலரைத் தந்தையோ அத்தையோ தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரோ விண்ணப்பிக்கச் செய்திருப்பர். நிலையான அரசுப் பணி என்பதே காரணமாக வந்தோரும் உளர். இவற்றுள் எந்தக் காரணமும் இழிந்ததன்று. தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெறும் ஒருவர் உருவாவது சிறிய செய்தி அன்று. ஆனால், தொழில் நோக்கம் ஆராயப்பட்டது என்று அதனைக் கொள்ள முடியாது. எவ்வழியில் வந்தவரும் நல்லாசிரியராகலாம். தாம் எவ்வழியில் வந்தோம் என்பதைத் தாமே அறியாதவருக்குத்தான் இடர்ப்பாடு மிகுதி.

‘ஆலோசித்தல்’ என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. அறிவுரை ஒருவர் கூற மற்றவர் கேட்பது. ஆலோசித்தலோ ஒருவர் தனித்திருந்தும் செய்வது, பிறரோடு கூடியும் செய்வது. அறிவுரை கூறுவதற்கு மாணவரைப் பற்றி அதிகம் அறிய வேண்டியதில்லை, ஆலோசனைக்கு வேண்டியுள்ளது.

பதின்மூவாயிரம் மணிநேரம்

சட்டம் பயில வரும் மாணவர் நீதிமன்றத்தைப் பார்த்திராமல் வரலாம். ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர் எவரும் வகுப்பறையைப் பார்த்திராமல் வருவதில்லை. அமெரிக்கச் சமூகவியலார் டேன் லார்ட்டி 1975இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கல்வி முடிக்கும் மாணவர் ஏறத்தாழ 13,000 மணிநேரம் ஆசிரியர்களை நேரில் கண்டிருப்பார் எனக் கணக்கிட்டார். இதனை அவர் ‘காட்சிவழித் தொழிற்பழகல்’ என்னும் பொருள்படக் குறித்தார். கண்டு பழகிய தொழில் தெரிந்த தொழிலாகத் தோன்றும்; ஆனால் மாணவர் கண்டது ஆசிரியர் வகுப்பில் நிற்கும் நேரத்தை மட்டுமே. முதல்நாள் இரவு அவர் எழுதிய நாள் பாடத்திட்டமும், பாடநூலில் இரண்டு பயிற்சிகளை விட்டுவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தமைக்கான காரணமும், ஒரு பிள்ளையைக் கடிந்துகொண்டபின் அவர் பட்ட வருத்தமும் மாணவர் கண்ணுக்குப் புலப்பட்டிருக்க முடியாது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் பயின்று வந்தவருக்கு இதனால் தனிச்சிக்கல் ஒன்று எழுகிறது. தமிழ்வழிக் கற்பித்தல் குறித்து அவர் மனத்தில் பதிந்திருப்பது பன்னிரண்டு வயதுவரை கண்ட காட்சியே. இடைநிலைப்பள்ளியில் சில இடங்களில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்திருக்கும். இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எடுக்கும் வாய்ப்பும் எல்லோருக்கும் அமைந்திருக்காது. ஆகவே, மொழியறிவில் ஐந்தாண்டு இடைவெளியோடும், கற்பித்தல் பற்றிச் சிறுவயது நினைவோடும் அவர் வந்து சேர்கிறார். இவ்விடைவெளியை முதற்பருவத்திலேயே கண்டுகொண்டு, இலக்கணத்தையும் படைப்பிலக்கியத்தையும் எந்தப் பருவத்தில் எவ்வரிசையில் பயில்வது எனத் திட்டமிடுவது ஆலோசகரால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று. தரப்புள்ளி விழுந்த பின்னர் இதனைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

நாம் பின்பற்றும் ஒரு சிறு முறையை ஈண்டுக் குறிப்பிடலாம். முதற் சந்திப்புக்கு வருமுன் மாணவர் தமக்குக் கற்பித்த ஆசிரியருள் இருவரைப் பற்றி, பெயர் குறிப்பிடாமல், ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். ஒருவர் தாம் பின்பற்ற விரும்புபவர். மற்றவர் தாம் ஒருபோதும் போல ஆகக் கூடாதென எண்ணுபவர். சந்திப்பின்போது முதலாமவரைப் பற்றி ஒரே வினா எழுப்புவோம்: அப்பாடத்தை நடத்த அவர் முன்னதாக என்னென்ன செய்திருக்க வேண்டும்? பெரும்பாலான மாணவர் இவ்வினாவுக்குச் சற்று நேரம் விடையின்றி இருப்பர். பின்னர் மெல்லப் பட்டியலிடுவர். அப்பட்டியலில் உள்ளவற்றுள் எவற்றைத் தாம் கற்க வேண்டியுள்ளது என்பது அவருக்கே விளங்கும். பாடத்தேர்வு பற்றிய உரையாடல் அதன்பின் எளிது.

விருப்பப்பாடமும் சிறிய பள்ளியும்

எளிதில் புள்ளி கிடைக்கும் பாடம் எது என்பதை மூத்த மாணவரிடம் கேட்டறிந்து விருப்பப்பாடத்தைத் தேர்வது நெடுங்காலப் பழக்கம். இதனைக் குறைகூறிப் பயனில்லை. சராசரிப் புள்ளி நேர்முகத் தேர்விலும் மேற்படிப்பிலும் கேட்கப்படும் வரை இப்பழக்கம் இருக்கவே செய்யும். ஆயினும், மாணவர் பணியாற்றப் போகும் பள்ளியின் இயல்பை ஆலோசகர் எடுத்துரைத்தல் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் கணிசமானவை 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளிகள். தமிழ் கற்பிக்கப் பயின்று இத்தகைய பள்ளிக்குச் செல்லும் இளம் ஆசிரியர் கணிதமும் அறிவியலும் கற்பிக்க நேரிடும். குறுக்கோட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவார். நூலகமும் அவர் பொறுப்பில் வரும். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த பள்ளியில் இரு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் இருத்திக் கற்பிக்கவும் வேண்டியிருக்கும். இப்பள்ளியை மனத்திற்கொண்டு பார்த்தால், ஒரு மாணவர் இரண்டாம் பாடமாகக் கணிதத்தை எடுப்பதும், மற்றொருவர் குறைநீக்கல் கல்வியை எடுப்பதும் வேறு பொருள் பெறுகின்றன.

அதே வேளையில், நடப்பிலிருக்கும் ஒரு கொள்கையை மட்டும் நம்பித் திட்டமிடுவதும் தவறாகும். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. 2009இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. இருமொழிப் பாடத்திட்டம் 2016இல் வேறொரு வடிவில் தொடங்கியது. இடையில் 2011இல் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமே மாறிற்று. 2003இல் பயிற்சிக்குச் சேர்ந்த ஒருவர் பணியில் பத்தாண்டு நிறைவதற்குள் இவ்வளவையும் கண்டிருப்பார். முப்பதாண்டுப் பணிக்காகப் பயிலும் மாணவருக்கு எந்தக் கொள்கையிலும் உதவக்கூடியவை மொழித்திறமும் பாட அறிவும் பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கமுமே. இவற்றைத் தரும் பாடங்களை முதலில் பதிவு செய்யச் சொல்வதே நம் வழக்கம்.

இரண்டு கோப்புகள்

கற்பித்தல் பயிற்சிக்குச் சென்று திரும்பிய இரு வாரங்களே ஆலோசனைக்கு மிகவும் உகந்த காலம். வியப்பு என்னவெனில், பெரும்பாலான நிலையங்களில் அக்காலத்தில் ஆலோசனைச் சந்திப்பு எதுவும் திட்டமிடப்படுவதில்லை. மாணவர் பயிற்சிக் கோப்பை ஒப்படைத்துவிட்டு விடுமுறைக்குச் செல்கிறார்.

ஃபிரான்சஸ் ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி ஆசிரியரின் கவலைகள் எவ்வாறு இடம் மாறுகின்றன என்பதைக் காட்டியது. தொடக்கத்தில் கவலை தம்மைப் பற்றியதாகவே இருக்கிறது: பிள்ளைகள் அடங்குவார்களா, மேற்பார்வையாளர் என்ன சொல்வார், குரல் நடுங்குமா. பின்னர் அது மாணவரின் கற்றல் பற்றியதாக மாறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பாடம், நேரம், துணைக்கருவி பற்றிய கவலைகள் எழுவதைப் பின்வந்த ஆய்வுகள் தனி நிலையாகப் பிரித்துக் காட்டின. இவ்வரிசை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை, முன்பின்னாகவும் நிகழும். ஆயினும், ஆலோசகருக்கு இது நல்ல அளவுகோல். பயிற்சி முடிந்து வரும் மாணவரிடம் ‘எப்படி இருந்தது?’ என வினவினால் ‘நன்றாக இருந்தது, ஐயா’ என்னும் விடையே கிடைக்கும். ‘உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையைப் பற்றி இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என வினவிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சிலர் உடனே ஒரு பிள்ளையின் எழுத்துக்கூட்டல் சிக்கலை, அவன் அமரும் இடத்தை, அவன் தாயாரோடு பேசியதை விவரிப்பர். சிலருக்கு எந்தப் பிள்ளையும் நினைவில் தனித்து நிற்பதில்லை. மேற்பார்வையாளர் வந்த நாள் மட்டுமே நினைவிருக்கும். பின்னவரைத் தகுதியற்றவர் எனக் கொள்ளலாகாது. அவர் இன்னும் தம்மைப் பற்றிய கவலையிலேயே நிற்கிறார். அடுத்த கட்டப் பயிற்சிக்கு முன் அவருக்கு வேண்டுவது வேறு.

இவ்வுரையாடல் நிகழாமைக்கு அமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. மாணவரைப் பற்றி இரண்டு கோப்புகள் உள்ளன. ஒன்று கல்வி ஆலோசகரிடம் இருக்கும் தரப்புள்ளிக் கோப்பு. மற்றொன்று மேற்பார்வை விரிவுரைஞரும் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் நிறைவு செய்யும் கற்பித்தல் பயிற்சிக் கோப்பு. பல இடங்களில் இவை சந்திப்பதே இல்லை. அதனால், எழுத்துத் தேர்வில் 3.70 புள்ளி பெறும் மாணவர் வகுப்பில் முப்பது பிள்ளைகள் முன் குரலெழுப்ப முடியாமல் தவிப்பதை ஆலோசகர் அறியமாட்டார். 2.40 புள்ளியோடு எச்சரிக்கைப் பட்டியலுக்கு அருகில் நிற்கும் மற்றொரு மாணவரிடம் பின்தங்கிய பிள்ளைகள் தேடிச் சென்று படிப்பதையும் அறியமாட்டார். முன்னவரைப் பாராட்டியும் பின்னவரை எச்சரித்தும் அனுப்பிவிடுவார். இரு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு செலவில்லாதது. துறைத்தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும். எனினும் இன்னும் அரிதாகவே காணப்படுகிறது.

சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகம், நாலாண்டுப் பட்டக்கல்வியில் பள்ளித் தொடர்பை நான்கு கட்டமாக வகுத்தது: பள்ளி அனுபவம் 2 வாரம், கற்பித்தலில் துணைநிற்றல் 5 வாரம், முதற் கற்பித்தல் பயிற்சி 5 வாரம், இறுதிப் பயிற்சி 10 வாரம். இவ்வமைப்பில் நம்மைக் கவர்வது முதல் 2 வாரம். ஒரு பாடமும் நடத்தாமல் பள்ளியை ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குத் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. நம் நாட்டின் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் கற்பித்தல் பயிற்சிக்கு முன்னதாகப் பள்ளிசார் அனுபவம் உண்டு. அதனை அறிக்கை எழுதும் இடுபணியாகச் சுருக்காமல், தொழில் நோக்கத்தை மீண்டும் ஆராயும் சந்திப்பாக ஆலோசகர் பயன்படுத்தலாம்.

ஆசிரியராகக் கூடாதவர்

இருமுகப் பொறுப்பு உண்மையில் முரண்படும் இடம் இது. ஒரு மாணவர் பிள்ளைகளோடு இருக்க விரும்பவில்லை, அல்லது விரும்பினும் இரு பயிற்சிக் கட்டங்களுக்குப் பின்னும் வகுப்பை நடத்த இயலவில்லை எனில், ஆலோசகர் என் செய்வது? வகுப்பொன்றுக்கு 25 பிள்ளைகள் எனக் கொண்டாலும், முப்பதாண்டுப் பணியில் ஓர் ஆசிரியரின் வகுப்பைக் கடந்து செல்வோர் 750 பேர். அவர்களுள் ஒருவரும் ஆலோசகரின் அறைக்கு வந்து தம் பக்கத்தைச் சொல்லப்போவதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரோ நாம் அறிந்தவர். வீட்டுச் சூழலும் தெரியும். அவர் பட்டம் பெறும் நாளுக்காகக் காத்திருக்கும் தாயாரையும் ஒருமுறை கண்டிருப்போம். ஆசிரியர் கல்விக் கழக மாணவராயின் உதவித்தொகையும் பணி ஒப்பந்தமும் உள்ளன. பல்கலைக்கழக மாணவராயின் ஒப்பந்தம் இல்லாதிருக்கலாம். ஆனால் கல்விக்கடன் இருக்கும். இவற்றை எல்லாம் எண்ணி, ‘போகப் போகச் சரியாகிவிடும்’ எனச் சொல்லி அனுப்புவதே பலரும் காணும் வழி. சிலருக்குச் சரியாகியும் விடுகிறது. அதுவே இவ்வழியின் கவர்ச்சி.

நம் கருத்தில் இங்குக் காலமே முதன்மையானது. இறுதியாண்டில் ஒருவரிடம் இதைச் சொல்வது கொடுமை; அவருக்கு வேறு வழி எஞ்சியிருக்காது. இரண்டாம் ஆண்டு முடிவில் சொல்வது கடினம், ஆனால் பயனுள்ளது. அவ்வேளையில் ‘இயலவில்லை’ என்பதையும் ‘விருப்பமில்லை’ என்பதையும் வேறுபடுத்துதல் வேண்டும். இயலாமைக்குப் பெரும்பாலும் மருந்துண்டு: குரற்பயிற்சி, நாள் பாடத்திட்டத்தைச் சிறு பகுதிகளாக்கல், திறன்மிக்க ஓர் ஆசிரியரின் வகுப்பில் தொடர்ந்து இருத்தல். விருப்பமின்மை வேறுவகை. அதற்கு ஆலோசகர் தீர்ப்புக் கூறலாகாது. சான்றுகளை முன்வைக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் எழுதிய குறிப்புகளையும் மாணவரே எழுதிய சிந்தனை மீட்சிக் குறிப்புகளையும் சேர்த்து அவரையே படிக்கச் செய்தல் ஒரு வழி. தாம் எழுதியதைத் தாமே மூன்று மாதங் கழித்துப் படிக்கும்போது சிலர் தெளிவு பெறுகின்றனர். விலகுவதெனில் ஒப்பந்த விதி என்ன, பெற்ற கிரெடிட்டுகளில் எவற்றை வேறு கல்வித்திட்டம் ஏற்கும், மொழிபெயர்ப்பு, இதழியல், நூலகம் முதலிய துறைகளுக்கு அவர் பெற்ற தமிழறிவு எவ்வாறு உதவும் என்னும் விவரங்களோடு ஆலோசகர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். விவரமின்றி நேர்மையாகப் பேசுவது மாணவரைக் கைவிடுவதாகும். முடிவு மாணவருடையது. இவ்வளவும் தெரிந்தபின் அவர் தொடர்வதாயின், அவரைத் தேர்ச்சிபெறச் செய்ய உழைப்பது ஆலோசகரின் கடமை. அதன்பின்னும் கற்பித்தல் பயிற்சியில் அவர் தேறாவிடில், இரக்கத்தின் பேரில் புள்ளியை உயர்த்தும்படி மேற்பார்வையாளரைக் கேட்பது கடமையாகாது.

உடன்பயில்வோர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. தானாக விழும் பழம் உண்டு. ஆனால் கருக்கு நிறைந்த மரத்தை எவரும் அணுக முடியாது. ஆலோசனை நேரம் எனக் கதவில் அட்டவணை ஒட்டிவிட்டு, வந்தவரை நிற்கவைத்தே பேசி அனுப்பும் விரிவுரைஞரை நினைக்கும்போதெல்லாம் இவ்வுவமை நமக்கு நினைவுக்கு வருகிறது. நம் முனைவர் பட்ட ஆய்வுக்காலத்தில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனையை முழுநேரத் தொழிலாகக் கொண்டோரைக் கண்டோம். அவர்கள் அணுகுதற்கு எளியவர். விதிமுறைகளை விரல்நுனியில் வைத்திருந்தனர். ஆயினும், ஆசிரியப் பயிற்சிக்கு அம்முறையைப் பரிந்துரைக்க நாம் தயங்குகிறோம். வகுப்பறையில் நின்று பழகாதவரால் கற்பித்தல் பயிற்சிக் குறிப்பின் உட்பொருளைப் படிக்க முடியாது.

அதே பாயிரம் கல்வியின் பங்கீட்டையும் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் கிட்டுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய இரு காற்பங்கும் பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறைகிறது. தனிச்சந்திப்பை மட்டும் நம்பும் ஆலோசகர் முதற் காற்பங்கோடு நின்றுவிடுகிறார். பதினைந்து, இருபது மாணவரைப் பெற்ற ஆலோசகருக்குத் தனிச்சந்திப்புக்கு நேரம் போதாது என்பதும் உண்மை. கற்பித்தல் பயிற்சி முடிந்தபின் ஐவர் அல்லது அறுவராகக் கூடி ஒரு வகுப்பறைச் சிக்கலை மட்டும் ஆராய்வதும், மூன்றாமாண்டு மாணவர் முதலாமாண்டினருக்குப் பாடப்பதிவை விளக்குவதும் நேரத்தைச் சேமிக்கின்றன. விளக்குபவருக்கு அதில் பயிற்சியும் உண்டு. நாளை அவரும் ஆலோசகரே. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், ஆறாம் ஆண்டுப் பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்வது, மலாய்மொழியில் அவன் நிலை என்ன என்று பெற்றோர் வினவும்போது, காட்டுவதற்கு ஒரு பொதுத்தேர்வு முடிவு இல்லை. வகுப்பாசிரியர் தம் மதிப்பீட்டைக் கொண்டே பேச வேண்டியுள்ளது. அவ்வுரையாடலை எவ்வாறு நடத்துவது என்பதை எந்தப் பாடமும் தனியே கற்பிப்பதில்லை. தம் ஆலோசகர் தம்மிடம் எவ்வாறு பேசினார் என்பதே அவருக்கு முன்மாதிரி.

இறுதிப் பருவச் சந்திப்பில் வழக்கமாகப் பேசப்படுவது கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு. அதனோடு ஒரு பக்கக் குறிப்பையும் மாணவரும் ஆலோசகரும் சேர்ந்து எழுதலாம். தாம் துணிந்து கற்பிக்கக்கூடிய பகுதிகள், இன்னும் துணை தேவைப்படும் பகுதிகள், முதலாண்டில் எவருடைய வகுப்பைச் சென்று பார்க்க வேண்டும் என்னும் விருப்பம் ஆகியன அதில் இடம்பெறும். ஒரு படி மாணவரிடம் இருக்கும். அதனைத் தலைமையாசிரியரிடம் காட்டுவதா இல்லையா என்பது அவர் விருப்பம். மற்றொரு படியை ஆலோசகர் வைத்துக்கொண்டு, அவர் பணியில் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, அப்பக்கத்தை முன்வைத்துப் பேசலாம். அதற்கு இருபது நிமிடம் போதும்.